இருபது எழுத்துப் பூட்டு

பொற்கொடியின் லினக்ஸ் மடிக்கணினிக்குள் கடவுச்சொல் கேட்கும் பூட்டு ஒன்று இருந்தது. ஒருநாள் பொற்கொடியே கடவுச்சொல்லை மறந்துவிட்டாள். ஒன்பது தடவை தப்பாக அடித்தாள். ஒன்பது தடவையும் பூட்டு அசைந்து கொடுக்கவில்லை. அதை நம்பி உள்ளே கோப்புகள் நிம்மதியாகக் கிடந்தன.

அவள் கணினியை அணைத்துத் திரும்பப் போட்டாள். பூட்டு கண் விழிப்பதற்குள், அதற்கு முன்பே எழுந்துவிடும் துவக்க மெனுவில், கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தாள். அவ்வளவுதான், நிர்வாகியாகவே உள்ளே வந்து புதுக் கடவுச்சொல்லும் வைத்துவிட்டாள்.

விழித்ததும் பூட்டு மெனுவைக் கேட்டது: "அண்ணே, யாருன்னு கேக்காமலா விட்டீங்க?"

"நம்ம ஓனரம்மாதானே தம்பி," என்றது மெனு.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். யாரையும் கேக்கச் சொல்லி எங்கிட்ட யாரும் சொல்லலியே."

புதுக் கடவுச்சொல்லில் இருபது எழுத்து. "இனிமே எவனும் நுழைய முடியாது" என்று சொல்லிக்கொண்டே, பேட்டரி மாற்றுவதற்காக மடிக்கணினியைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள் பொற்கொடி.

இருபது எழுத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பூட்டு தூங்கப் போனது. பழக்கமில்லாத விரல் ஒன்று பவர் பட்டனை அழுத்தியது.

"வாங்க, வாங்க," என்று மெனு சொல்வது பூட்டுக்கு அரைத்தூக்கத்தில் கேட்டது.