கல்லுக்கடியில் வேப்பங்கொத்து

மலைக்கோயிலுக்கு நடந்துபோன கூட்டத்தில் பூரணமும் அவள் புருஷனும் பின்தங்கிவிட்டார்கள். "நீ புள்ளையத் தூக்கிட்டு முன்னால நட. நான் தண்ணி புடிச்சுட்டு எட்டி வந்தர்றேன்" என்று ராக்கியண்ணன் கேனோடு கிணற்றுப் பக்கம் போனான். பாதை பிரிந்த இடத்தில், முன்னே போனவர்கள் ஒரு தடத்தில் கல்லுக்கடியில் வேப்பங்கொத்து வைத்திருந்தார்கள். பூரணம் அந்தத் தடத்தையே பிடித்தாள். அவன் கண்ணுக்குத் தப்பிவிடக் கூடாதென்று, தானும் ஒரு கொத்தை ஒடித்து அதன்மேல் வைத்துவிட்டுத்தான் போனாள்.

உச்சிவெயிலில் தடம் முள்ளுக்காட்டில் முடிந்துபோயிற்று. காய்ச்சலில் கொதித்த மகள் தண்ணீர் கேட்டுக் கேட்டு இப்போது கேட்பதையும் நிறுத்தியிருந்தாள். பூரணம் போட்ட கூச்சலுக்கு ஆடு மேய்ப்பவர் ஒருவர்தான் வந்தார்.

"கொத்து வெச்சிருந்துமா அம்மிணி இங்க வந்தீங்க?"

"அதப் பாத்துத்தானய்யா வந்தேன். எங்க ஊர்ல அதுதான வழி!"

"இங்க அது வராதீங்கன்னு வெக்கிறதுங்க."

ராக்கியண்ணன் இந்தச் சீமைக்காரன். கொத்தைப் பார்த்ததும் மறு தடத்தில் திரும்பியிருப்பான். பிள்ளைக்குத் தாகமெடுக்குமே என்று, முன்னால் போகிறவளைப் பிடிக்க, இந்நேரம் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருப்பான்.