சின்ன விண்ணப்பங்கள்

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: கடவுள் உயிரோடு இருக்கிறார், தினமும் வேலைக்கும் வருகிறார். ஞாயிறுதோறும் சபையில் எழுந்து ஞானசிகாமணி சொல்லும் சாட்சியே ஆதாரம். அவர் ஜெபித்ததால் ரயிலில் லோயர் பெர்த் கிடைத்தது. விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் கேஸ் சிலிண்டர் வந்து சேர்ந்தது. மைக்கில் இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், மார்பில் தட்டுப்பட்ட கட்டியோடு அவர் மனைவி எமிமாள் ஸ்கேனுக்குக் காத்திருந்தாள்.

“கூப்பிடப் போறாவ. ஒரு ஜெபம் பண்ணுங்க.”

ஞானசிகாமணி கண்ணை மூடினார். பெர்த் கிடைக்காவிட்டால் தேவசித்தம் என்று உட்கார்ந்தே ஊர் போய்விடலாம். இதைக் கேட்டு, கடவுள் முடியாது என்று சொல்லிவிட்டால்? உயிரோடு இருப்பவரிடம் கேட்பதில் இதுதான் சங்கடம். அவர் பதில் சொல்லிவிடுவார்.

“லோயர் பெர்த்துக்கு ஊரே கேக்க ஜெபிப்பீய. இப்ப வாயில என்ன, அல்வாவா?”

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் அவசரமாக அவள் தலையில் கைவைத்தார்.

“ஆண்டவரே, உள்ள ஏசி இவளுக்கு ரொம்பக் குளிராமப் பாத்துக்கிடும்.”

எமிமாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நர்ஸ் வெளியே வந்தாள். ஞானசிகாமணி எழுந்து ஓடினார்.

“என்ன சிஸ்டர், என்ன சொல்றாவ?”

“இனிமேதான் சார் பாப்பாங்க. உள்ள ஏசி ரிப்பேர்.”