மூன்றாவது கோடு

தீர்ப்பின் கடைசிப் பக்கம் மட்டும் மேசைமேல் நகர்ந்து இளைய நீதிபதியம்மாவிடம் வருகிறது. அடியில் கையெழுத்துக்கு மூன்று கோடுகள். இரண்டு நிரம்பிவிட்டன, ஜன்னல் வெயிலில் மை இன்னும் மினுங்குகிறது. பெரியவர்கள் பேச்சு இளையவரைத் தன் பக்கம் இழுத்துவிடக் கூடாது என்று இந்த அறையில் அவர்தான் முதலில் வாய் திறப்பது வழக்கம். ஆனால் போன வாரம் மூத்த நீதிபதி உட்காரும்போதே “தூக்கு சரிதான்” என்றார், இன்னொருவர் தலையாட்டினார், அத்தோடு தீர்ப்பு தட்டச்சுக்குப் போய்விட்டது. வெளியே தாழ்வாரத்தில் கைதியின் அம்மா இருமுகிறாள். மூத்தவர் எழுந்து நின்று பேனாவை நீட்டுகிறார்.

“போட்டுடுங்கம்மா, நேரமாச்சு.”

நீதிபதியம்மா பேனாவை வாங்கி, மூடியைத் திருகி மூடி, அவர் பக்கமே உருட்டிவிடுகிறார்.

“என்னை யாரும் கேக்கவே இல்லையே சார்.”

“நாங்க ரெண்டு பேர். நீங்க மாட்டேன்னாலும் தீர்ப்பு மாறாது.”

“மாறாது. ஆனா மேல்கோர்ட்டுல படிக்கிறவங்களுக்கு ஒருத்தி ஒத்துக்கலைன்னு தெரியணும்.”

தன் பேனாவை எடுத்து மூன்றாவது கோட்டை அழுத்தி அடிக்கிறார். தாளைப் புரட்டுகிறார், பின்பக்கம் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. மூத்தவரின் நாற்காலி கிறீச்சிடுகிறது, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“எவ்வளவு எழுதப் போறீங்க?”

“சொல்லி முடிக்கிற வரைக்கும்” என்கிறார், நிமிராமல்.