பேசக் கூடாத ஒரு மணி நேரம்

“ஸ்கேன்ல கழுத்துகிட்ட ஒரு வெளிச்சம் தெரியுதுன்னு நேத்து போன்ல சொன்னீங்களே டாக்டர்... பரவிடுச்சா?”

கேட்டவர் கணவர். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்திருந்த மனைவி, பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். “இது பழைய முறையில உருவாக்கின படம். ஒரே திட்டா இருக்கு. அதே ஸ்கேன் தகவலைப் புது முறையில கணக்குப் போட்டுத் திரும்பப் படமாக்கினோம். இப்பப் பாருங்க.”

திட்டு இரண்டு மெல்லிய கோடுகளாகப் பிரிந்திருந்தது.

“ரெண்டு குரல் நாணும் ஒரே மாதிரி ஒளிருது. இது புற்றுநோய் இல்ல. பேசினா அங்க இருக்கிற தசை ஸ்கேன் மருந்தை இழுத்துக்கிட்டு இப்படி ஒளிரும். ஸ்கேனுக்கு முன்னாடி அந்த மருந்தை ஊசி போட்டதும் ஒரு மணி நேரம் பேசாம படுத்திருக்கச் சொன்னோமே, நீங்க நல்லா பேசியிருக்கீங்கம்மா!”

கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் விடவில்லை. “தனி ரூம்ல இருந்தாளே டாக்டர், யார்கிட்ட பேசியிருப்பா?”

மனைவி நிமிர்ந்தாள். “எங்க அண்ணன்கிட்ட. தனியா படுத்திருக்க பயமா இருந்துச்சு, போன் பண்ணிட்டேன். முதல்ல ரெண்டு பேரும் அழுதோம், அப்புறம் ஒரே சிரிப்பு.”

கணவர் வாயைப் பிளந்தார். “அண்ணன் பேச்சை எடுத்தா வீட்டை விட்டே போயிடுவேன்னு சொன்னவ நீ! உனக்குப் பயந்து, மொட்டை மாடியில நின்னு இத்தனை வருஷமா மச்சான்கிட்ட திருட்டுத்தனமா பேசிட்டிருக்கேன் நான்!”

“தெரியும். அண்ணன் நம்பரையே உங்க போன்ல இருந்துதானே எடுத்தேன்!”