லீவு நாள் தமிழ்

கல்யாணமான கையோடு பூங்கோதைக்கு ஸ்லோவாக் மொழி கிடைத்தது, அவள் கணவன் ஞானவேலுக்கு பிலிப்பைன்ஸின் செபுவானோ. கோவையில் ஒரே கால்சென்டர்தான், வாடிக்கையாளர்கள்தான் வேறு. காதுக்குப் பின்னால் மொழிப்பட்டையை ஒட்டிவிட்டால் அந்த மொழி சரளமாக வரும், தமிழ் சுத்தமாக மறந்துபோகும். மறுநாள் காலையில் அது திரும்புவதற்கும் ஆபீஸ் வண்டி ஹாரன் அடிப்பதற்கும் சரியாக இருக்கும்.

அதனால் குடித்தனம் வெறும் ஓசையிலேயே நடந்தது. சாப்பிடும்போது அவன் செபுவானோவில் கொஞ்சுவான், பாயசம் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். சொக்கிப்போய் அவளும் ஸ்லோவாக்கில் கொஞ்சுவாள். உடனே அவன் எழுந்துபோய்ப் பாத்திரமெல்லாம் கழுவி வைப்பான். என்ன அன்பு!

முதல்முறையாக இருவருக்கும் சேர்ந்து லீவு கிடைத்த ஞாயிறன்று, ஞானவேல் தமிழில் வாயைத் திறந்தான்.

"இன்னைக்காவது சாம்பார்ல உப்பு போடு. தினமும் கெஞ்சறேன், நீ பதிலுக்குத் திட்டறே."

"திட்டினேனா? 'என் ராசா'ன்னு கொஞ்சினேங்க!"

"அதுவா? முறுக்கை நொறுக்கற மாதிரியில்ல இருந்துச்சு! பயந்துபோய்த்தான் பாத்திரமே கழுவினேன்!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவன் ஹாயாக சோபாவில் சாய்ந்தான். பூங்கோதை தொட்டியில் குவிந்திருந்த பாத்திரங்களைப் பார்த்தாள். லீவென்றும் பாராமல் பட்டையை எடுத்து ஒட்டிக்கொண்டு, ஸ்லோவாக்கில் "என் ராசா" என்றாள்.

அர்த்தம் தெரிந்தும் அவன் துள்ளி எழுந்தான்.