ஈரத்துணி

உப்பளத் தொழிலாளர் சங்க அறையில் தமிழ்நிலா நாலாவது முறையாகக் கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்துகிறாள். விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை. சுனாமியில் வீடிழந்தவர்களின் பட்டியல் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஐந்து மணிக்குள் தாலுகா ஆபீசில் கொடுத்தாக வேண்டும். மெக்கானிக் ஐயப்பன் மூடியைக் கழற்றுகிறார். ஜன்னல் வெயிலில் உள்ளே எங்கும் உப்பும் களிம்பும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. "எதால தொடைப்பீங்க?" என்கிறார். "ஈரத்துணிதாண்ணே, தெனமும். உப்புக்காத்துக்கு வூட்டுல டிவி, சைக்கிள் எல்லாத்தையும் அப்படித்தான் தொடைக்கிறோம். பின்னாடி ஓட்டையிலகூட வெரல வுட்டுத் தொடைச்சேன்." அவர் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். "லிஸ்ட் இதுலதான் இருக்குது. உசுரு இருக்குதான்னு தெரியல." அதன் ஓரத்திலும் உப்பு படிந்திருக்கிறது. அதைக் கண்டதும் அவள் கை தன்பாட்டில் வாளியில் கிடக்கும் துணியை எடுத்துப் பிழிகிறது.