நாலாவது சிரிப்பு

கடத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சுவிட்ச்போர்டின்மேல் கிடத்தியிருக்கிறது. ஆபரேட்டர் ராஜமேரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவளைப்போலவே ஆபரேட்டர்களான பாப்பாரப்பட்டி காசியம்மாளோடும் பாப்பிரெட்டிப்பட்டி தீர்த்தம்மாளோடும் பேசிக்கொண்டிருக்கிறாள். லைனிலேயே வளர்ந்த சிநேகிதம். ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பார்த்ததில்லை. "மழையே இல்லீங்க. மந்திரி வந்து எங்கூருக் கெணத்த எட்டிப் பாத்துட்டுப் போனாரு," என்கிறாள் காசியம்மாள். "அவரு பாத்ததுல இருந்த தண்ணியும் வத்திருச்சுங்களா?" என்று தீர்த்தம்மாள் கேட்க, மூவரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகும் நாலாவதாக ஒரு சிரிப்பு மெல்ல ஓய்கிறது. "லைன்ல வேற யாருங்க?" என்கிறாள் ராஜமேரி. போர்டில் அந்த இரண்டு ஊர்களுக்கான இணைப்பு வயர்கள் மட்டும்தான் செருகியிருக்கின்றன. "ராஜமேரி, காலைல வர்ற வாந்தி நின்னுச்சுங்களா?" என்று பரிவாகக் கேட்கிறது ஒரு பெண்குரல். நாள் தள்ளிப்போயிருப்பதைப் புருஷன் அல்போன்ஸிடம்கூட அவள் இன்னும் சொல்லவில்லை. போன தடவை ஊரெல்லாம் சொன்ன மறுவாரமே கலைந்துபோனது. இரண்டு வயர்களையும் வெடுக்கென்று பிடுங்குகிறாள். சிநேகிதிகளின் குரல்கள் அறுந்துபோகின்றன. ஹெட்போனுக்குள் ஒரு மூச்சு மட்டும் பதிலுக்குக் காத்திருக்கிறது. ராஜமேரி கதவுப்பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். யாருமில்லை. சேலைத் தலைப்பை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ரகசியம்போலச் சொல்கிறாள்: "இன்னும் நிக்கலைங்க."